ஜூவெல் கோமெஸின் வாழ்க்கையை ஆய்வேட்டில் எங்கே வைப்பது?

கேள்வி: அஸ்தம்பட்டி மாணவி

அனைவருக்கும் வணக்கம். சேலத்தில் ஆங்கில இலக்கியத்தில் முதுகலை இறுதியாண்டு படிக்கிறேன். ஆய்வேட்டுக்கு ஜூவெல் கோமெஸ் 1991இல் வெளியிட்ட ‘தி கில்டா ஸ்டோரீஸ்’ நாவலை எடுத்துக்கொண்டிருக்கிறேன். 1850இல் லூசியானாவில் தொடங்கி 2050இல் முடியும் கதை அது. அடிமைத் தோட்டத்திலிருந்து தப்பி ஓடிவரும் ஒரு சிறுமி, தன்னைத் துரத்தி வந்தவனைக் கத்தியால் குத்திக் கொன்றுவிட்டு ஒளிந்திருக்கும்போது, கில்டா என்ற பெண் அவளைக் கண்டெடுத்து அடைக்கலம் தருகிறாள். கில்டா ரத்தம் அருந்திச் சாவில்லாமல் வாழ்பவள். பின்னர் அவள் தன் பெயரையும் அந்த நீண்ட ஆயுளையும் சிறுமியிடம் ஒப்படைத்துவிட்டு மறைகிறாள். புதிய கில்டா இருநூறு ஆண்டுகள் அமெரிக்காவில் ஊர் ஊராக வாழ்கிறாள், பெண்களையே நேசிக்கிறாள்.

முதல் இயல் முழுவதும் ஆசிரியரின் வாழ்க்கை வரலாறாக இருக்க வேண்டும் என்பது என் நெறியாளரின் கருத்து. கோமெஸ் கறுப்பினப் பெண், தம்மை லெஸ்பியன் என்று வெளிப்படையாகச் சொல்லிக்கொண்டவர். இவற்றை முதல் பக்கத்திலேயே எழுதிவிட்டால் வாய்மொழித் தேர்வில் அதைப் பற்றி மட்டுமே கேட்பார்கள், நாவலைப் பேச நேரமே இருக்காது என்று தோழிகள் அஞ்சுகிறார்கள். அதற்காக அவற்றைச் சொல்லாமல் விடுவதும் எனக்கு நியாயமாகப் படவில்லை. இந்த ஆசிரியரைப் படித்தவர்கள் வழிகாட்ட வேண்டுகிறேன்.

மறுமொழி 1: ஏற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற பேராசிரியர்

வாழ்த்துகள் அம்மா. வாழ்க்கையைத் தனி இயலாக முன்னால் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். அதை மறைக்க வேண்டும் என்று இதற்குப் பொருள் இல்லை. கோமெஸின் வாழ்க்கையும் நாவலும் ஊடும் பாவுமாகக் கலந்திருப்பதால், ஒன்றை மட்டும் உருவி எடுத்தால் இரண்டுமே கையில் நிற்காது.

அவர் 1948இல் பாஸ்டனில் பிறந்தவர். கொள்ளுப்பாட்டி கிரேஸ் அவரை வளர்த்தார். கிரேஸ் அயோவே என்னும் பூர்வகுடியின் வழிவந்தவர். நாவலில் சிறுமிக்கு எழுத்தறிவிப்பவள் யார் என்று பாருங்கள்: லகோட்டா பூர்வகுடிப் பெண்ணான பேர்ட். பைபிளையும் செய்தித்தாளையும் வைத்து அவள் பாடம் சொல்லித்தரும் பக்கங்களைப் படிக்கும்போது, மூத்த பெண் ஒருத்தியின் மடியில் உலகத்தைக் கற்ற ஒருவர்தான் இதை எழுதியிருக்க முடியும் என்று எனக்குத் தோன்றியது. 1955ஆம் ஆண்டின் அத்தியாயம் அவர் வளர்ந்த பாஸ்டனில் நடக்கிறது. அங்கே கில்டா பெண்களுக்கான அழகு நிலையம் நடத்துகிறாள். 1971ஆம் ஆண்டின் அத்தியாயம் நியூயார்க் நாடக மேடைகளைச் சுற்றி நடக்கிறது. எழுபதுகளில் கோமெஸும் அந்நகர நாடகக் குழுக்களில் மேடை நிர்வாகியாக வேலை பார்த்தவர். இவற்றை அந்தந்த அத்தியாயத்தைப் பேசும் இடத்திலேயே சொல்லுங்கள். நார்த்ஈஸ்டர்ன் பல்கலைக்கழகம், கொலம்பியாவில் இதழியல் என்ற படிப்பு விவரங்களுக்கு ஒரு வரி போதும்.

நீங்கள் நின்று பேச வேண்டிய இடம், கில்டா பசியாறும் காட்சிகள். அவள் யாரையும் கொன்று குடிப்பதில்லை. உறங்கும் மனிதரின் அருகே அமர்ந்து, சிறு காயம் செய்து, தனக்குத் தேவையான அளவு ரத்தம் எடுக்கிறாள். எடுக்கும்போதே அவர் மனத்துக்குள் புகுந்து அங்கே என்ன குறை இருக்கிறது என்று தேடுகிறாள். துணிவோ, ஒரு யோசனையோ, நல்ல கனவோ அவருக்கு வேண்டியதை விட்டுவிட்டு, காயத்தை மூடி எழுந்து போகிறாள். அடிமை முறை ஒருவரின் உடலிலிருந்து எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு எதையும் திருப்பித் தராத ஏற்பாடு. அதிலிருந்து தப்பியவளுக்கே, உயிர்வாழப் பிறர் உடலை நாட வேண்டிய நிலை வந்தால் அவள் எப்படி நடந்துகொள்வாள்? இந்த நாவலின் அடிநாதம் இந்தக் கேள்விதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். 1921ஆம் ஆண்டின் அத்தியாயத்தில் தான் நேசிக்கும் ஆரேலியாவைத் தன்னைப் போல் ஆக்கிக்கொள்ளும் வல்லமை இருந்தும் கில்டா அதைச் செய்யாமல் விலகிப் போகிறாள் அல்லவா, அதையும் இதோடு சேர்த்துப் படியுங்கள்.

மறுமொழி 2: கொண்டலாம்பட்டி, நூலகப் பணியாளர்

ஐயா சொன்னதில் பெரும்பகுதி எனக்கும் உடன்பாடுதான். ஆனால் ஒன்றைச் சேர்க்க வேண்டும். பிறப்பு வளர்ப்புக்குத் தனி இயல் வேண்டாம்; இந்த நூல் எப்படி வெளிவந்தது, எப்படிப் பிழைத்தது என்ற கதைக்குச் சில பக்கங்கள் கட்டாயம் வேண்டும். லெஸ்பியன் என்ற சொல் ஆய்வேட்டில் வெறும் அடையாளமாக நின்றுவிடாமல், ஒரு எழுத்தாளரின் தொழில் வாழ்க்கையை அது எப்படி வடிவமைத்தது என்று காட்ட உங்களுக்கு அங்கேதான் இடம் கிடைக்கும்.

நாவலை வெளியிட்டது ஃபயர்பிராண்ட் புக்ஸ் என்ற சிறு பதிப்பகம். நான்சி பெரியானோ என்ற பெண் நியூயார்க் மாநிலத்தின் இதாகா ஊரில், பெண்ணிய நூல்களையும் லெஸ்பியன் நூல்களையும் கொண்டுவருவதற்காகவே எண்பதுகளில் தொடங்கி நடத்தியது. கவிஞர் ஆட்ரி லார்டின் கட்டுரைகளும் அங்கிருந்து வந்திருக்கின்றன. அத்தகைய சிறு பதிப்பகத்திலிருந்து வந்த நாவல், தன்பாலீர்ப்பாளர் இலக்கியத்துக்காக வழங்கப்படும் லாம்டா இலக்கிய விருதுகளில் இரண்டைப் பெற்றது: லெஸ்பியன் புனைவுக்கு ஒன்று, அறிவியல் புனைவு மற்றும் மிகுபுனைவுக்கு மற்றொன்று. ஒரே நூல் இரு வகைகளிலும் பரிசு பெற்றது என்பதை, பேய்க்கதை தீவிர இலக்கியமாகுமா என்று யாரேனும் கேட்டால் எடுத்துச் சொல்லுங்கள். அர்பன் புஷ் விமன் என்ற நடனக் குழு 1996இல் இக்கதையை மேடையேற்றி ஊர் ஊராகக் கொண்டுசென்றது. முதற்பதிப்பு வந்து இருபத்தைந்து ஆண்டுகள் ஆன 2016இல் சிட்டி லைட்ஸ் பதிப்பகம் புதிய பதிப்பைக் கொண்டுவந்தது.

கோமெஸ் எழுத்தை மட்டும் நம்பி வாழ்ந்தவர் அல்லர். நியூயார்க் மாநிலக் கலை மன்றத்தில் இலக்கியப் பிரிவை நடத்தினார். பிறகு சான் பிரான்சிஸ்கோவில் கலைஞர்களுக்கு நிதி வழங்கும் பணிகளில் இருந்தார். அந்நகரப் பொது நூலக ஆணையத்துக்குத் தலைவராகவும் இருந்தார். நூலகத்தில் வேலை செய்யும் எனக்கு இந்தத் தகவல் தனி மகிழ்ச்சி. கலிபோர்னியாவில் ஒரே பாலினத்தவர் திருமணம் செய்துகொள்ளும் உரிமைக்கான வழக்கில் அவரும் அவருடைய இணையர் டயான் சேபினும் வாதிகளாக இருந்தார்கள். 2008இல் அம்மாநில உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது. இருநூறு ஆண்டுகளாகக் குடும்பம் என்பதைத் தானே தேடித் தேடி அமைத்துக்கொள்ளும் கில்டாவை எழுதியவர், அந்த உரிமைக்காக நீதிமன்றத்தின் முன்னும் நின்றிருக்கிறார் என்பதை ஆய்வேட்டில் விட்டுவிடக் கூடாது.

மறுமொழி 3: ஓமலூர் வாசகர்

நான் இலக்கிய மாணவன் அல்லன். நாவலை ஆர்வத்தால் படித்தவன். நம் பக்கத்துத் தேர்வாளர்களுக்கு இக்கதையை விளக்க ஒரு வழி தோன்றுகிறது. சேலம், தருமபுரிப் பகுதிகளில் காட்டேரியம்மனைக் குலதெய்வமாகக் கும்பிடும் குடும்பங்கள் உண்டு. ரத்தம் கேட்பவள் என்று அஞ்சப்படுபவளுக்கே படையல் போட்டு, பிள்ளைத்தாய்ச்சியையும் பச்சிளம் குழந்தையையும் காக்கும்படி வேண்டிக்கொள்கிறார்கள். அச்சத்துக்குரியவளே காவலாகவும் இருக்கலாம் என்பது நம் மக்களுக்குப் புதிதன்று. ரத்தம் குடிப்பவள் என்றதும் ஐரோப்பியக் கோட்டையில் வாழும் பிரபுவை மட்டும் நினைக்கும் வாசகரைவிட, நம் ஊர் வாசகர் கில்டாவை எளிதில் புரிந்துகொள்வார்.

ஆனால் ஒப்பீட்டை அதற்கு மேல் இழுக்க வேண்டாம். காட்டேரிக்குப் படைப்பது பக்தர். கில்டாவிடம் யாரும் எதையும் வேண்டிக்கொள்வதில்லை. தான் எடுத்ததற்கு ஈடு தர வேண்டும் என்று அவளாகவே நினைக்கிறாள். அந்த வேறுபாட்டை எழுதாமல் விட்டால் கோமெஸுக்கு நியாயம் செய்ததாகாது.

கேள்வி கேட்டவர்: அஸ்தம்பட்டி மாணவி

மூவருக்கும் நன்றி. இயல்களை நாவலின் ஆண்டு வரிசைப்படியே அமைத்து, வாழ்க்கைச் செய்திகளை அந்தந்த இடத்தில் சேர்த்து, பதிப்பு வரலாற்றைக் கடைசி இயலுக்கு முன்னால் வைக்கலாம் என்று எண்ணுகிறேன். 2020ஆம் ஆண்டின் அத்தியாயத்தில் கில்டா காதல் நாவல்கள் எழுதிப் பிழைக்கிறாள். நூலக அம்மா சொன்ன தொழில் வாழ்க்கையை அங்கே தொடங்கினால் பொருத்தமாக இருக்கும். காட்டேரியம்மன் பற்றி முன்னுரையில் ஒரு பத்தி எழுதி நெறியாளரிடம் காட்டப் போகிறேன். இன்னும் ஒரு ஐயம்: கோமெஸ் எழுதிய நாடகங்களையும் சேர்க்க வேண்டுமா?

மறுமொழி 4: ஏற்காட்டிலிருந்து, ஓய்வுபெற்ற பேராசிரியர்

உங்கள் ஆய்வின் எல்லை அந்த ஒரு நாவல்தான் அம்மா. எழுத்தாளர் ஜேம்ஸ் பால்ட்வினை மையமாக வைத்து அவர் எழுதிய நாடகத்தையும், பாடகி ஆல்பர்ட்டா ஹன்டரைப் பற்றிய நாடகத்தையும் ஒரே பத்தியில் குறிப்பிடுங்கள். கறுப்பினத்தவராகவும் தன்பாலீர்ப்புடையவராகவும் வாழ்ந்த முன்னோடிக் கலைஞர்களை அவர் ஏன் மீண்டும் மீண்டும் தேடிச் சென்றார் என்பதை முனைவர் பட்டத்துக்கு எடுத்துக்கொள்ளலாம். இப்போதைக்கு 1850ஆம் ஆண்டின் அத்தியாயத்தை முதலில் எழுதி முடியுங்கள். நெறியாளருக்கு அதைப் படிக்கக் கொடுத்த பிறகு இயல் பிரிப்பைப் பற்றிப் பேசுங்கள்.