ட்ரெக் டு யோமி: முன்னாலும் பின்னாலும் ஆள் வந்தால் என்ன செய்வது?

பாளை_பையன் கேட்டது:

வணக்கம். பத்து நாளாக ட்ரெக் டு யோமி ஆடிக்கொண்டிருக்கிறேன். 2022இல் வந்த, பக்கவாட்டில் நகரும் சாமுராய் கேம். முழுக்கக் கருப்பு வெள்ளை. போன வாரம் தள்ளுபடியில் பார்த்ததும் வாங்கிவிட்டேன்.

முதல் அத்தியாயம் சிரமமில்லாமல் போனது. கதாநாயகன் ஹிரோகி சின்னப் பையனாகத் தன் குரு சஞ்சூரோவிடம் வாள் பழகுவது, பிறகு சந்தைத் தெருவுக்குள் ஓடுவது எல்லாம் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. இரண்டாவதையும் எப்படியோ தாண்டினேன். மூன்றாவது அத்தியாயத்தில் மாட்டிக்கொண்டேன். குறுகலான இடத்தில் முன்னால் இரண்டு பேர், பின்னால் ஒருவன் என்று வருகிறார்கள். முன்னால் இருப்பவனை வெட்டிக்கொண்டிருக்கும்போதே பின்னால் இருப்பவன் முதுகில் குத்திவிடுகிறான். ஹிரோகி தானாகத் திரும்பமாட்டேன் என்கிறான். அதற்குத் தனிப் பட்டன் அழுத்த வேண்டியிருக்கிறது. அந்த அவசரத்தில் விரல் வேறு எங்கோ போகிறது. நேற்று ஒரே இடத்தில் இருபது தடவைக்கு மேல் செத்தேன்.

புஷிதோ நிலையில்தான் ஆடுகிறேன், கடினமான நிலைகூட இல்லை. கை வேகம் பத்தவில்லையா, இல்லை நான் ஆடும் முறையே தப்பா? கதையின் முடிவைச் சொல்லாமல் யாராவது வழி காட்டுங்கள்.

நிலாமுற்றம்:

கபுகி என்று ஒரு எளிய நிலை இருக்கிறது, அதில் ஆடிப் பாருங்கள். கதையையும் காட்சிகளையும் நிம்மதியாக அனுபவிக்கலாம். நான் அப்படித்தான் முடித்தேன். மொத்தமே ஏழு அத்தியாயம், இரண்டு மூன்று இரவில் முடிந்துவிடும். ஒவ்வொரு சட்டகமும் பழைய ஜப்பானியப் படம் பார்ப்பதுபோல இருக்கிறது. மழையில் நனைந்த கூரை ஓரத்தில் கேமரா நின்றுகொண்டு, தூரத்தில் ஹிரோகியைச் சின்னதாகக் காட்டும் இடங்களில் நான் கன்ட்ரோலரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தேன். சண்டைக்காக அதையெல்லாம் விட்டுவிடாதீர்கள்.

ஹமமட்சு_நாட்கள்:

தம்பி, உங்கள் கை வேகத்தில் ஒரு குறையும் இல்லை. நீங்கள் நிற்கும் தூரம்தான் தப்பு. கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், பொறுத்துப் படியுங்கள்.

வேலை விஷயமாக இரண்டு வருடம் ஜப்பானில் ஹமமட்சுவில் இருந்தேன். அங்கே ஊர் விளையாட்டுக்கூடத்தில் வாரம் இரண்டு மாலை கெண்டோ என்ற ஜப்பானிய வாள் பயிற்சி கற்றுக்கொடுப்பார்கள். முதல் மூன்று மாதம் எனக்கு முகக்கவசமே தரவில்லை. வெறும் கால் நகர்த்தல்தான். பாதத்தைத் தூக்காமல் மரத்தரையில் தேய்த்தபடி போக வேண்டும். வலது கால் முன்னே, இடது குதிகால் மட்டும் ஒரு காகிதம் நுழையும் அளவுக்கு மேலே. ஷினாய் என்னும் மூங்கில் வாள் கையில் இருக்கும், பெரியவர்களுக்கு அது கிட்டத்தட்ட 120 சென்டிமீட்டர் நீளம். ஓங்கி ஓங்கி ஆசை தீர அடிக்கலாம் என்று நினைத்துப் போனவன் நான். முதலில் கற்றுக்கொடுத்தது எங்கே நிற்பது என்பதைத்தான்.

இஸ்ஸொகு இத்தோ நோ மாஅய் என்று ஒரு தூரம் உண்டு. ஓர் அடி எடுத்து வைத்தால் எதிராளியை அடிக்கலாம், ஓர் அடி பின்வாங்கினால் அவன் அடி நம் மேல் படாது. இரண்டு வாள் நுனிகளும் லேசாகக் குறுக்கே கடக்கும் இடம் அது. அதற்குள்ளே போனால் யாரும் யாரையும் அடிக்கலாம், வெளியே நின்றால் யாராலும் முடியாது. எனக்குக் கற்றுக்கொடுத்த பெரியவர் எதிரே வந்து நிற்பார். நான் கவனிக்காத நேரத்தில் அரை அடி உள்ளே நழுவியிருப்பார். அடி விழுந்த பிறகுதான் தூரம் மாறியதே எனக்குத் தெரியும். அந்த மாலைகளில் கையுறையின் நீலச் சாயம் உள்ளங்கையில் ஒட்டிக்கொண்டு இரண்டு நாள் போகாது. மறுநாள் வேலையிடத்தில் கையைப் பார்த்தே, நேற்று கெண்டோவா என்று கேட்பார்கள்.

இதையெல்லாம் ஏன் சொல்கிறேன் என்றால், ட்ரெக் டு யோமியைச் செய்தவர்கள் போலந்தின் ஃப்ளையிங் வைல்ட் ஹாக் நிறுவனத்தார். லியோனார்ட் மென்கியாரி என்ற இயக்குநரோடு சேர்ந்து செய்தது. ஜப்பானியர் கையிலிருந்து வந்த கேம் இல்லை. ஆனாலும் இந்தத் தூரத்தை அவர்கள் பிடித்திருக்கிறார்கள். பக்கவாட்டுக் கோணம் என்பதால் இரண்டு உடம்புக்கும் நடுவில் உள்ள இடைவெளி திரையில் அப்படியே தெரிகிறது. மேலே இருந்து பார்க்கும் கேமிலோ, தோளுக்குப் பின்னால் கேமரா நிற்கும் கேமிலோ இது இவ்வளவு துல்லியமாகத் தெரியாது. நீங்கள் ஹிரோகியைப் பார்த்து ஆடுகிறீர்கள் என்று நினைக்கிறேன். அவனைப் பார்க்காதீர்கள், அவனுக்கு இருபுறமும் இருக்கும் வெற்றிடத்தைப் பாருங்கள்.

திரும்பும் பட்டனுக்கு வருவோம். அது பலருக்கும் எரிச்சல் தருகிறது, எனக்கும் முதல் நாள் தந்தது. ஆனால் அது இருப்பதால்தான் முதுகு என்று ஒன்று இந்தக் கேமில் இருக்கிறது. தானாகத் திரும்பினால் பின்னால் ஆள் வருவதற்கு அர்த்தமே இல்லை. நிஜத்திலும் வாளோடு திரும்புவது சின்னக் காரியம் இல்லை. இடுப்பு திரும்ப வேண்டும், கால் மாற வேண்டும், வாள் நுனி மறுபடி நடுவுக்கு வர வேண்டும்.

இன்றைக்கு ஆடும்போது இப்படிச் செய்து பாருங்கள். மூன்று பேர் வந்ததும் யாரையும் வெட்டாதீர்கள். பிளாக், அதாவது அடியைத் தடுக்கும் பட்டனைப் பிடித்தபடி, பின்னால் தனியாக வருகிறவன் பக்கம் முதலில் திரும்புங்கள். ஏனென்றால் அவன் ஒருவன்தான். இந்தப் பக்கம் இரண்டு பேர் இன்னும் தூரத்தில் இருக்கும்போதே அவனை முடித்துவிட்டால், அதற்குப் பிறகு எல்லாரும் ஒரே பக்கம். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் இரண்டு பேர் இருக்கும் பக்கத்தை முதலில் தீர்க்கப் பார்க்கிறீர்கள். அதற்கு நேரம் பிடிக்கும், அந்த நேரத்தில் தனியாள் உங்களைத் தொடும் தூரத்துக்கு வந்துவிடுகிறான்.

அடுத்தது பேரி. பிளாக் பட்டனைப் பிடித்துக்கொண்டே இருந்தால் அடி படாது, ஆனால் ஸ்டாமினா, அதாவது தாக்குப்பிடிக்கும் வலு, கரையும். ஸ்டாமினா தீர்ந்தால் ஹிரோகி மூச்சு வாங்கிக்கொண்டு நிற்பான், அங்கேதான் பாதிச் சாவு நடக்கிறது. அடி வந்து சேரும் கணத்துக்குச் சற்று முன்னால் பட்டனைத் தட்டினால் அதுதான் பேரி. எதிரி நிலை தடுமாறுவான், உங்களுக்கு ஒரு வெட்டு இலவசம். எப்போது தட்டுவது என்று எதிராளியின் வாளைப் பார்த்துக் கணிக்காதீர்கள், கருப்பு வெள்ளையில் வாள் பல இடங்களில் பின்னணியோடு கலந்துவிடும். தோளைப் பாருங்கள். ஓங்குவதற்கு முன் தோள் ஏறும். ஹெட்போன் போட்டுக்கொண்டால் இன்னும் நல்லது, கால் எடுத்து வைக்கும் சத்தமே பாதி வேலையைச் செய்துவிடும்.

ஈட்டிக்காரனுக்கு மட்டும் வேறு கணக்கு. அவன் நீளம் உங்கள் நீளத்தை விட அதிகம், தூரத்தில் நின்றால் அவனுக்குத்தான் லாபம். ஒரு குத்தைத் தடுத்தவுடன் உள்ளே போய்விடுங்கள். போ ஷூரிகென் என்ற எறியும் ஆணிகளைச் சேர்த்து வைக்காமல் இங்கே செலவழியுங்கள். அவை பெரிதாகக் காயப்படுத்தாது, ஆனால் வருகிறவனை ஒரு கணம் நிறுத்தும். உங்களுக்குத் தேவை அந்த ஒரு கணம்தான்.

தலைக்கு மேல் குறி காட்டும் எதிரியை உடனே முடித்துவிடுங்கள், அந்த முடிக்கும் அடியில் உங்கள் உயிர் கொஞ்சம் திரும்பி வரும். ஆனால் முடித்த பிறகு அவன் விழுவதையே பார்த்துக்கொண்டு நிற்காதீர்கள். கெண்டோவில் ஸான்ஷின் என்று சொல்வார்கள், அடித்த பிறகும் மனம் விழிப்பாக நிற்பது. அது இல்லாவிட்டால் சரியாகப் பட்ட அடிக்குக்கூடப் புள்ளி கிடையாது. ஒருமுறை முகக்கவசத்தின் மேல் அழகாக ஒரு அடி போட்டுவிட்டு சந்தோஷத்தில் கையைத் தூக்கினேன். பெரியவர் அதை எண்ணவே இல்லை. எனக்கு வருத்தமாகத்தான் இருந்தது, ஆனால் இன்றுவரை மறக்கவில்லை.

நிலாமுற்றம் சொல்வதுபோல கபுகியில் ஆடுவதிலும் தவறு ஒன்றுமில்லை. ஆனால் இருபது முறை செத்தும் விடாமல் ஆடுகிறீர்கள் என்றால் உங்களுக்கு இது பிடித்திருக்கிறது. புஷிதோவிலேயே முடியுங்கள். முடித்த பிறகு கென்செய் என்று ஒரு நிலை திறக்கும். அதில் ஒரே வெட்டு, எதிரிக்கும் அப்படித்தான், உங்களுக்கும் அப்படித்தான். எனக்கு இந்தக் கேமின் உண்மையான உருவம் அதில்தான் தெரிந்தது.

பாளை_பையன்:

அண்ணா, இவ்வளவு எழுதியதற்கு மிக்க நன்றி. தனியாக வருகிறவனை முதலில் முடிக்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை. இன்று இரவு ஆடிப் பார்க்கிறேன். இன்னும் ஒரு சந்தேகம். யோமி என்றால் என்ன? நரகம் என்று ஒரு இடத்தில் படித்தேன், சரியா? அப்புறம் இதுபோல வேறு கேம் இருந்தாலும் சொல்லுங்கள்.

கூழாங்கல்:

இதேபோல என்றால் முராமாசா: த டீமன் பிளேட். 2009இல் நின்டெண்டோவின் வீ கன்சோலுக்கு வந்தது, பிறகு 2013இல் பிளேஸ்டேஷன் வீட்டா என்ற கையடக்கக் கன்சோலிலும் வந்தது. வெனிலாவேர் என்ற நிறுவனம் செய்தது. இதுவும் பக்கவாட்டில் நகரும் வாள் சண்டைதான், ஆனால் கருப்பு வெள்ளைக்கு நேர் எதிர். ஒவ்வொரு காட்சியும் கையால் வரைந்த வண்ண ஓவியம். மொமோஹிமே என்ற இளவரசி, கிசுகே என்ற நிஞ்சா என்று இரண்டு பேர் கதை. மொத்தம் 108 வாள் உண்டு, ஒரே நேரத்தில் மூன்றைக் கட்டிக்கொள்ளலாம். வாளால் தடுக்கத் தடுக்க அதன் வலு குறையும், தீர்ந்தால் உடைந்துவிடும். உறைக்குள் போட்டு வைத்தால் மறுபடி தேறும். அதனால் ஒன்று உடைவதற்குள் அடுத்ததை உருவிக்கொண்டே இருப்பீர்கள். நடுவில் டீக்கடை வரும், உட்கார்ந்து சோபா நூடுல்ஸ், தாங்கோ உருண்டை சாப்பிடலாம். ஆவி பறக்கிறதை வரைந்திருக்கும் விதத்தைப் பார்த்தாலே பசிக்கும். ராத்திரி சாப்பிடாமல் இதை ஆடாதீர்கள்.

ஹமமட்சு_நாட்கள்:

முராமாசா நல்ல தேர்வு. அந்தப் பெயர் ஒரு நிஜக் கொல்லர் வம்சத்தின் பெயர், இஸே மாகாணத்துக் குவானாவில் இருந்தவர்கள். அவர்கள் வாள் ஜப்பானை ஆண்ட தொகுகாவா குடும்பத்துக்கு ஆகாது என்று ஒரு நம்பிக்கை பரவியது, அதிலிருந்துதான் சபிக்கப்பட்ட வாள் என்ற கதைகள் எல்லாம் வந்தன.

யோமியை நரகம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை தம்பி. நம் ஊரில் நரகம் என்றால் எண்ணெய்க் கொப்பரை, தண்டனை, பாவக் கணக்கு எல்லாம் கூடவே வந்துவிடும். யோமியில் அந்தக் கணக்கு இல்லை. செத்தவர்கள் போகிற இருட்டான இடம், அவ்வளவுதான். நல்லவரும் அங்கேதான் போகிறார். 712இல் தொகுத்த கோஜிகி என்ற பழைய ஜப்பானியப் புராண நூலில் யோமியின் கதை வருகிறது. இஸனாமி என்ற பெண் தெய்வம் நெருப்புக் கடவுளைப் பெற்றெடுக்கும்போது வெந்து இறந்துபோகிறாள். கணவன் இஸனாகி அவளைத் தேடி யோமிக்குப் போகிறான். அவளோ அந்த ஊர்ச் சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டாள், அதனால் சட்டென்று திரும்ப முடியாது. கேட்டு வருகிறேன், அதுவரை என்னைப் பார்க்காதே என்கிறாள். அவனால் காத்திருக்க முடியவில்லை. தலையில் செருகியிருந்த சீப்பின் ஓரப் பல்லை ஒடித்து, அதைக் கொளுத்தி வெளிச்சமாக்கிப் பார்க்கிறான். அழுகிப் புழு நெளியும் உடம்பைப் பார்த்துவிட்டு ஓடுகிறான். அவள் துரத்துகிறாள். கடைசியில் யோமொத்சு ஹிராஸகா என்ற சரிவில் ஒரு பெரும்பாறையைப் புரட்டி வழியை அடைக்கிறான். பாறைக்கு அந்தப்புறம் நின்று அவள் சொல்கிறாள், உன் நாட்டில் ஒரு நாளைக்கு ஆயிரம் பேரைக் கொல்வேன் என்று. அப்படியென்றால் நான் 1500 பிரசவக் குடில் கட்டுவேன் என்கிறான் இவன்.

அந்தச் சரிவு ஷிமானே மாவட்டத்தில் இருப்பதாக ஒரு இடத்தைக் காட்டுவார்கள். ஒரு விடுமுறையில் போனேன். மரங்களுக்கு நடுவே சில பாறைகள், இரண்டு கல்தூண், தூண்களுக்குக் குறுக்கே ஒரு கயிறு. வேறு ஆளே இல்லை. கேமின் பாதிக்கு மேல் நீங்கள் பார்க்கப்போகும் இருட்டின் வேர் அங்கே இருக்கிறது. அந்தக் கணவன் மனைவி கதையை மட்டும் மனதில் வைத்துக்கொண்டு மேலே ஆடுங்கள், ஹிரோகியிடம் கேம் சில இடங்களில் ஒரு கேள்வி கேட்கும். அதற்கு அவசரப்பட்டுப் பட்டனை அழுத்திவிடாதீர்கள்.

பாளை_பையன்:

தாண்டிவிட்டேன் அண்ணா! நாலாவது தடவையில். பின்னால் வந்தவனை முதலில் முடித்தேன், திரும்பினேன், மற்ற இரண்டு பேரும் இன்னும் ஒரு அடி தள்ளித்தான் இருந்தார்கள். முதல் ஆளின் தோள் ஏறியது தெரிந்தது. தட்டினேன், விழுந்தது பேரி. கடைசி ஆளை வெட்டியதும் கையைத் தூக்கப் போனேன், உங்கள் பெரியவர் ஞாபகம் வந்து அப்படியே நின்றேன். நல்ல வேளை, பின்னால் இன்னொருவன் வந்தான்.