புதுப்பிப்பு: டிரக்கில் இன்டர்கூலர் ஏறிவிட்டது

போன பதிவில் என் டீசல் டிரக்கின் இன்ஜினைப் பிரித்துப் போட்ட நிலையில் நிறுத்தியிருந்தேன். டர்போ (எக்ஸாஸ்ட் வாயுவால் சுழன்று இன்ஜினுக்குள் காற்றை அழுத்தித் தள்ளும் கருவி) மட்டும் போதுமா, இன்டர்கூலரும் (அந்தக் காற்றை ஆற்றும் கூலர்) வேண்டுமா என்பதுதான் அப்போதைய கேள்வி. வேண்டும் என்றே முடிவு. டர்போ அழுத்தித் தள்ளும் காற்று 150 டிகிரி செல்சியஸைக்கூடத் தாண்டலாம். அதை ஆற்றி உள்ளே விட்டால் அடர்த்தி கூடும், ஆக்சிஜன் அதிகம் போகும், எக்ஸாஸ்ட் சூடும் இறங்கும்.

ரேடியேட்டருக்கு முன்னால் மாட்டியாயிற்று. இடம் படுத்திய பாடு சொல்லி மாளாது! கிரில்லுக்குப் பின்னால் இருந்த தாங்கியை வெட்டி, புது பிராக்கெட் வெல்டிங் செய்து, ரப்பர் புஷ் மேல் உட்கார வைத்தேன். புஷ் இல்லாமல் போல்ட்டால் இறுக்கினால், சேஸிஸ் முறுக்கும்போது கூலரின் அலுமினியம் விரிசல் விடும்.

டர்போவையும் கூலரையும் இணைக்கும் குழாய்களின் முனைகளில் உருட்டு விளிம்பு (முனையைச் சுற்றி மேடான வளையம்) எடுத்தது நல்ல செலவு. வழவழப்பான முனையில் என்ன கிளாம்ப் போட்டாலும், பூஸ்ட் (டர்போ தரும் காற்றழுத்தம்) ஏறினால் ஹோஸ் கழன்றுவிடலாம். ஹோஸும் எண்ணெய் தாங்கும் உட்பூச்சு உள்ளதுதான். டர்போ வழியாக வரும் எண்ணெய்ப்படலம் சாதாரண சிலிக்கானை நாளடைவில் ஊற வைத்துக் கெடுத்துவிடும்.

பிரித்த இன்ஜினிலும் ஹெட்டை இறுக்கும் ஸ்டட், அதன் அடியில் வரும் கேஸ்கெட் எல்லாம் புதுசு.

கடைசியில் குழாய்த் தொடரின் இரு முனைகளையும் அடைத்து, காற்றேற்றி, சோப்புத் தண்ணீர் தடவிப் பார்த்தேன். ஒரே ஒரு இணைப்பில் குமிழி, இறுக்கியதும் நின்றது.

பம்ப்பில் உள்ள ஸ்க்ரூவைத் திருகி டீசலைக் கூட்டச் சொன்னவர்களுக்கு: டீசல் கூடினால் எக்ஸாஸ்ட் சூடும் ஏறும், அதனால் டர்பைனுக்கு (டர்போவில் எக்ஸாஸ்ட் சுழற்றும் சக்கரம்) முன்னால் வெப்பமானி பொருத்திய பிறகுதான் அந்த ஸ்க்ரூவில் கை வைப்பேன்.