நாதஸ்வரத்தை நீங்கள் எப்படிக் கேட்கிறீர்கள்? (அப்பாவின் 38 கேசட்டுகள்)

வடக்குவீதி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். அப்பா காலமாகி வருகிற தையோடு ஒரு வருடம் ஆகிறது. மாயவரத்துப் பக்கம் ஊர் வீட்டை ஒழித்தபோது பரண்மேல் இரண்டு பிஸ்கட் டின்களில் 38 கேசட்டுகள் கிடைத்தன. அத்தனையும் நாதஸ்வரம். கடையில் வாங்கியவை நாலைந்துதான். மற்றவை எல்லாம் சுற்றுவட்டாரத் திருவிழாக்களுக்கு அப்பா டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்ப் பதிந்தவை. உறையில் வாசித்தவர் பெயர் எழுதும் பழக்கம் அவருக்கு இல்லை. ராகம், எத்தனையாம் திருநாள், எந்த இடம், அவ்வளவுதான். ‘கல்யாணி, 5ஆம் திருநாள், கீழவீதி முனை, 1986’ என்று ஒன்று. ‘தோடி. மழை வந்து பாதியில் நின்றது’ என்று இன்னொன்று.

இந்தக் கேசட்டுகளைக் கேட்டபடிதான் நான் வளர்ந்தேன். அப்பா கேட்கும் விதம் தனி. சாயங்காலம் வேலைவிட்டு வந்து குளித்ததும் ரெக்கார்டரைக் கொல்லையில் துவைக்கிற கல்மேல் வைத்துப் போட்டுவிடுவார். பிறகு கூடம், ரேழி எல்லாம் தாண்டி வாசல் திண்ணையில் வந்து உட்கார்ந்துகொள்வார். “இங்கேயே வைத்துக் கேட்டால் என்ன?” என்று அம்மா கேட்பார். அப்பா சிரிப்பாரே தவிரப் பதில் சொன்னதில்லை.

இப்போது நான் கோயம்புத்தூரில் அடுக்குமாடி வீட்டில் இருக்கிறேன். மகளுக்கு 17 வயது. எந்நேரமும் பாட்டுதான், நல்ல ரசனை. தனக்குப் பிடித்ததை எனக்கும் அனுப்புவாள், நானும் உட்கார்ந்து கேட்பேன். பதிலுக்கு என்னுடையதைக் கொடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டு, இணையத்தில் கிடைத்த ஒரு நாதஸ்வரப் பதிவை அவள் ஹெட்போனிலேயே போட்டுக் கொடுத்தேன். ஒரு நிமிடத்தில் கழற்றிவிட்டாள். “அப்பா, காதுக்குள்ள யாரோ கத்துற மாதிரி இருக்கு.” அவள் மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. நான் வாங்கிக் கேட்டபோது எனக்கும் காது வலித்தது. அதுதான் மனதை உறுத்துகிறது. இத்தனை வருடம் உயிராக நினைத்த சத்தம் எனக்கே எப்படி வலிக்கும்?

நீங்கள் எதில், எப்படிக் கேட்கிறீர்கள்? புதிதாகக் கேட்கிறவர்களுக்கு எதை முதலில் கொடுப்பீர்கள்? இந்தக் கேசட்டுகளைக் கணினிக்கு மாற்ற வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள். கைவசம் ஓடுகிற கேசட் டெக் இல்லை.


தவில்வீடு எழுதியது:

அண்ணா, நான் தவில்காரர் மகள். கும்பகோணம் பக்கம். உங்கள் அம்மா கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும் என்று நினைக்கிறேன்.

நாதஸ்வரம் வீதிக்கு என்று உண்டான வாத்தியம். சுவாமி புறப்பாட்டில், தேரடியில், நாலு தெருவுக்குக் கேட்க வேண்டும். மைக் வருவதற்குப் பல நூறு ஆண்டுகள் முன்பே அப்படித்தான் வாசித்தார்கள். ஆச்சா மரத்தில் கடைந்த உடம்பு, கீழே அணசு என்கிற அகன்ற வாய், மேலே வாயில் வைத்து ஊதுகிற சீவாளி. அந்தச் சத்தத்தைக் கொண்டுவந்து காதின் சவ்வுக்கு அரை அங்குலத்தில் வைத்தால் வலிக்கத்தான் செய்யும். உங்கள் மகள் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அவளுக்கு நல்ல காது இருக்கிறது.

எங்கள் வீட்டில் வித்வான்கள் வந்து சாதகம் செய்யும்போது சின்னப் பிள்ளைகளை அதே அறையில் உட்காரவிட மாட்டார்கள். நாங்கள் வாசற்படியில் உட்கார்ந்து கேட்போம். சத்தம் சுவரில் பட்டு, முற்றத்துக் காற்றில் கரைந்து வரும்போது அந்தக் கூர்மை போய்விடும். ஸ்வரங்களை அசைத்து இழைக்கிற கமகம் மட்டும் வழுவழுவென்று வந்து சேரும். உங்கள் அப்பா கொல்லையில் வைத்துவிட்டுத் திண்ணைக்கு வந்தது இதற்காகத்தான். சுவாமி அடுத்த வீதியில் நிற்கிற தூரத்தை அவர் வீட்டுக்குள்ளேயே உண்டாக்கிக்கொண்டிருக்கிறார். படித்தபோது எனக்குக் கண் கலங்கிவிட்டது.

புதியவர்களுக்கு எதைக் கொடுப்பது என்றால், முதலில் பாரி நாயனத்தில் (நாதஸ்வரத்தில் ஒரு வகை) ஒரு ராக ஆலாபனை கொடுங்கள். பழைய திமிரி நாயனம் குட்டையானது, சுருதி ஏறி நிற்கும், 4 கட்டைக்கு (கட்டை என்பது சுருதியின் அளவு) மேல் போகும். பாரி நீளமானது, 2 அல்லது 2½ கட்டையில் கனமாகப் பேசும். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளை (1898-1956) கைக்கொண்ட பிறகுதான் பாரி எங்கும் பரவியது. அவருடைய தோடியை எல்லோரும் சொல்வார்கள், நானும் சொல்வேன். ஆனால் ஒரு பக்கம் மூன்று நிமிடம் ஓடுகிற அந்தக் காலத்து இசைத்தட்டில் அதைக் கேட்பது, கடலை ஜன்னல் வழியாகப் பார்ப்பது மாதிரி. 17 வயதுப் பெண்ணுக்கு முதலில் அவருடைய சீடர் காருகுறிச்சி அருணாசலத்தைக் கொடுக்கலாம் என்பது என் கருத்து. அந்த நாதத்தில் ஒரு குழைவு உண்டு, பிள்ளைகளை உடனே பிடித்துக்கொள்ளும்.

தவிலையும் மறந்துவிடாதீர்கள். வலப்பக்கம் வலந்தலையில் கூடு போட்ட விரல்கள், இடப்பக்கம் தொப்பியில் பூவரசங்கழி. இந்த இரண்டு சத்தமும் பிரிந்து காதில் விழ ஆரம்பித்துவிட்டால் அவளே மேலே தேடிப் போவாள்.


பழையடெக் எழுதியது:

மதுரையில் 30 வருடமாக டேப், ஆம்ப்ளிஃபையர் ரிப்பேர் பார்க்கிறேன். கேசட் விஷயம் மட்டும் சொல்கிறேன்.

தம்பி, முதல் வேலையாக ஒவ்வொரு கேசட்டின் முதுகிலும் இருக்கிற இரண்டு சின்னப் பிளாஸ்டிக் நாக்குகளையும் உடைத்துவிடுங்கள். கைதவறி ரெக்கார்டை அழுத்தினாலும் அழியாது. அடுத்து, வெளிச்சத்தில் பிடித்து நாடாவைப் பாருங்கள். வெள்ளையாகப் பூஞ்சை இருந்தால் அதைத் தனியாக வையுங்கள், ஓட்டாதீர்கள். டெக்கில் நாடா உரசிப் போகிற ஹெட்டில் ஒட்டி அடுத்த கேசட்டுக்கும் போய்விடும். நாடாவுக்குப் பின்னால் தகட்டில் ஒரு சின்னப் பஞ்சுத் துண்டு இருக்கும், அது பசைவிட்டு விழுந்திருக்கலாம். விழுந்திருந்தால் ஒரு பக்கம் அமுங்கிப்போன மாதிரி கேட்கும். பயப்பட வேண்டாம், வேறு கேசட்டிலிருந்து எடுத்து ஒட்டலாம்.

டெக் பழையது வாங்கினால் பெல்ட் கட்டாயம் மாற்ற வேண்டும். ஹெட்டையும் ரப்பர் உருளையையும் ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலில் துடையுங்கள். பதிவைப் போடும் முன் ஒரு முறை கடைசிவரை ஓட்டி, திரும்பச் சுற்றிக்கொள்ளுங்கள். வருடக்கணக்கில் அசையாத நாடா ஒன்றோடு ஒன்று ஒட்டியிருக்கும்.

முக்கியமானது இது. ஹெட் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். உங்கள் அப்பாவின் ரெக்கார்டரில் ஹெட் எந்தச் சாய்வில் இருந்ததோ அதே சாய்வு இந்த டெக்கிலும் வந்தால்தான் மேல்ஸ்தாயி திறந்து கேட்கும். பாட்டு ஓடும்போதே மெல்லத் திருப்பிப் பாருங்கள். போர்வை விலகின மாதிரி ஓர் இடம் வரும், அங்கே நிறுத்துங்கள். கேசட்டுக்குக் கேசட் இதைச் செய்ய வேண்டியிருக்கலாம்.

கணினியில் வேவ் கோப்பாக, 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட்டில் எடுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஸ்டீரியோவில் 600 எம்பிக்குக் கொஞ்சம் மேல் ஆகும். தோளில் மாட்டும் ரெக்கார்டர் என்றால் மோனோவாக இருக்கும், அதில் பாதி போதும். குறுக்கு வழி கிடையாது. 60 நிமிடக் கேசட்டுக்கு 60 நிமிடம் பக்கத்தில் உட்காரத்தான் வேண்டும்.

இரைச்சல் நீக்குகிற மென்பொருள் எதையும் மூலக் கோப்பில் போட்டுவிடாதீர்கள். அந்த மாதிரி ரெக்கார்டர்களில் சத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கிற சர்க்யூட் உண்டு. தவில் அடி விழுந்தால் எல்லாவற்றையும் அமுக்கும். வாசிப்பு நின்றால் இரண்டு மூன்று நொடியில் சுற்றியிருக்கிற சத்தத்தை மேலே தூக்கும். கேட்க எரிச்சலாக இருக்கும், இருந்தாலும் அப்படியே வையுங்கள். காரணம் பிறகு தெரியும்.


வடக்குவீதி எழுதியது:

தவில்வீடு, உங்கள் பதிலை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் எதுவும் பேசவில்லை. அப்புறம், “அவர் சொல்லியிருந்தால் நானும் திண்ணைக்கு வந்திருப்பேனே” என்றார்.

ஐயா, நாக்குகள் எல்லாம் அப்பாவே உடைத்துவைத்திருக்கிறார். 38இல் ஒன்றில்கூட மிச்சமில்லை. பூஞ்சை நாலில் இருக்கிறது, தனியே எடுத்துவைத்துவிட்டேன். டெக் ஒன்றுக்குச் சொல்லியிருக்கிறேன்.


இணுவிலூர் எழுதியது:

வணக்கம் அண்ணை. நான் டொராண்டோவில் இருக்கிறேன், சொந்த ஊர் யாழ்ப்பாணத்தில் இணுவில். எங்கட ஊரில் தவில் கேளாமல் ஒரு பிள்ளை வளராது. தவில் மேதை யாழ்ப்பாணம் தட்சணாமூர்த்தி பிறந்த ஊர் அது. திருவிழா இரவில் பல ஊர் மேளங்கள் ஒன்றாகக் கூடும். விடியும்வரை தவில் சமா நடக்கும். மணலில் படுத்தபடி கேட்டு அப்படியே நித்திரையாகிவிடுவோம். நித்திரையிலும் தாளம் ஓடிக்கொண்டிருக்கும்.

இங்கே பனிக்காலத்தில் ஜன்னல் திறக்க ஏலாது, அடுத்த வீட்டுக்குச் சத்தம் போகவும் கூடாது. அதனால் நான் காரில்தான் கேட்கிறேன். முன் ஸ்பீக்கரை நிறுத்திவிட்டுப் பின் ஸ்பீக்கரில் மட்டும் குறைவாக விடுவேன். தவில்வீடு அக்கா சொன்ன தூரம் கொஞ்சமாவது கிடைக்கும். வேலைக்குப் போக 50 நிமிடம். ஒரு ராகத்துக்கு அளவான நேரம்.

பகிர்வது பற்றிக் கேட்டீர்கள். நான் முந்தி முழுக் கச்சேரியின் இணைப்பை அனுப்பிவிட்டுக் காத்திருப்பேன். ஒருவரும் கேட்க மாட்டார்கள். மூன்று மணி நேரத்தை ஒருவர் தலையில் வைத்தால் என்ன செய்வார்கள், பாவம். இப்போது, “12ஆவது நிமிடத்தில் தொடங்கிக் கேளுங்கோ, தவில் நின்று நாதஸ்வரம் தனியாக மேலே ஏறுகிற இடம், மூன்று நிமிடம்தான்” என்று எழுதி அனுப்புகிறேன். கேட்கிறார்கள். சிலர் முழுவதும் கேட்டுவிட்டுத் திரும்பக் கூப்பிடுகிறார்கள்.

இன்னொன்று. ஞாயிறு இரவு லண்டனில் அண்ணா, பாரிஸில் மச்சாள், இங்கே நான், மூன்று பேரும் போனில் வந்து ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணி ஒரே பதிவை ஒரே நேரத்தில் போடுவோம். போட்டதும் போனில் பேச்சை நிறுத்திவிடுவோம். அவர்களுக்கு அப்போது நடுச்சாமம் ஆகிவிடும், ஆனாலும் ஒருவரும் தவறவிட்டதில்லை. முடிந்ததும் முதலில் ஆர் பேசுவது என்று தெரியாமல் ஒரு அமைதி வரும் பாருங்கோ, அதற்காகவே அந்தக் கிழமை முழுக்கக் காத்திருப்பேன்.


வடக்குவீதி எழுதியது:

மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

டெக் வந்தது. 21 கேசட்டுகள் முடிந்துவிட்டன. ஸ்க்ரூவைத் திருப்பும்போது போர்வை விலகும் என்று ஐயா சொன்னது அப்படியே நடந்தது. முதல் முறை கை நடுங்கிவிட்டது.

போன ஞாயிறு சாயங்காலம் ஸ்பீக்கரைப் பின்பக்கத்து பால்கனியில் சுவரைப் பார்த்துத் திருப்பி வைத்து, கதவைப் பாதி சாத்திவிட்டு, வாசல் பக்கத்து அறையில் தரையில் உட்கார்ந்தோம். நான், மனைவி, அம்மா. மகள் ஹெட்போனோடு தன் அறையில் இருந்தாள். நான் கூப்பிடவில்லை. கீழவீதி முனைக் கல்யாணியைப் போட்டேன். கொஞ்ச நேரத்தில் அவளாகவே ஹெட்போனைக் கழுத்தில் தொங்கவிட்டுக்கொண்டு வந்து அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்தாள். “இது அன்னைக்குக் கேட்டதா? வேற மாதிரி இருக்கே” என்றாள். அது வேறு பதிவு, வேறு தூரம். எல்லாவற்றையும் அப்போது விளக்கிக்கொண்டிருக்கத் தோன்றவில்லை.

ஆலாபனையில் மேலே தார ஸ்தாயிக்குப் போகும் முன் ஓர் இடத்தில் வித்வான் மூச்சு வாங்க நிறுத்துகிறார். ஐயா சொன்னபடி இரண்டு நொடியில் சுற்றுச் சத்தம் எழும்பி வருகிறது. பலூன் தேய்க்கிற சத்தம், குழந்தை அழுகிற சத்தம், யாரோ இரண்டு பேர் நெல் விலை பேசுகிறார்கள். அதற்கு மேல், ரெக்கார்டருக்கு மிகப் பக்கத்தில், அப்பாவின் குரல். மெதுவாக, கெஞ்சுகிற மாதிரி: “கொஞ்சம் பேசாம இருங்களேன், இப்பதான் மேல போகப் போறார்.”

அவர் சொன்னபடியே நாதஸ்வரம் மேலே போகிறது, ரெக்கார்டர் மற்ற எல்லாச் சத்தத்தையும் அமுக்கிவிடுகிறது.

அம்மா அந்த இடத்தைத் திரும்பப் போடச் சொன்னார். நாலு முறை போட்டேன். 1986இல் அப்பாவுக்கு 41 வயது, இப்போதைய என் வயதைவிடக் குறைவு. மகள் தாத்தாவின் குரலை அத்தனை இளமையாக ஒருநாளும் கேட்டதில்லை. அந்த 14 நிமிடத்தைத் தன் போனுக்கு மாற்றிக் கேட்டாள், மாற்றிக் கொடுத்தேன். மறுநாள் காலை அவளுடைய சிநேகிதி ஒருத்திக்கு அதை அனுப்பியிருக்கிறாள். கூடவே எழுதியிருந்ததை எனக்கும் காட்டினாள்: “ஹெட்போன்ல கேக்காத. ஸ்பீக்கர்ல போட்டுட்டு அடுத்த ரூமுக்குப் போயிடு.”

இன்னும் 17 இருக்கின்றன. பூஞ்சை பிடித்த நாலில்தான் மழை வந்து நின்ற தோடியும் இருக்கிறது. பழையடெக் ஐயா, அதை மதுரைக்கு எடுத்து வந்தால் பார்ப்பீர்களா? கூரியரில் அனுப்ப மனம் வரவில்லை. நானே கொண்டுவருகிறேன்.


பழையடெக் எழுதியது:

வாங்க தம்பி. சனிக்கிழமை மத்தியானத்துக்கு மேல் கடையில் கூட்டம் இருக்காது. வெயிலில் வைக்காமல், துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வாருங்கள். மகளையும் அழைத்து வாருங்கள், அந்த ஸ்க்ரூவைத் திருப்பக் கற்றுக்கொள்ளட்டும்.