நியோஸ்டிக்மின் இல்லாமல் ஒபரேஷன் தியேட்டர் ஓடிய நாள்கள்: கண்டதைப் பகிருங்கள்

ஊசிமுனை:
2022 மார்ச் கடைசியில் இலங்கையின் பேராதனைப் போதனா வைத்தியசாலையில் அவசரமில்லாத சத்திரசிகிச்சைகளை நிறுத்தினார்கள் அல்லவா? டொலர் இல்லை, மருந்தில் 80 வீதத்துக்கு மேல் இறக்குமதி, மிச்சம் உங்களுக்குத் தெரியும். தட்டுப்பாடானவற்றில் நியோஸ்டிக்மினும் ஒன்று; சத்திரசிகிச்சைக்காகக் கொடுத்த தசைத் தளர்த்தியின் வேலையை முடிவில் முறிக்கும் ஊசி அது. வழக்கமாக வளர்ந்த ஆளுக்கு 2.5 மில்லிகிராம், கூடவே இதயத்துடிப்பு இறங்காமலிருக்க அத்ரோபின் 1.2. அது இல்லையென்றால் ஆள் விழித்தாலும் தசை எழும்பாது. நெஞ்சு உள்ளே இழுக்க வயிறு வெளியே தள்ளும், கை கால் கரையில் போட்ட மீன் மாதிரி உதறும். தலையை 5 செக்கன் தூக்கச் சொன்னால் தலையணையை விட்டு அசையாது, கண் மட்டும் நம்மையே பார்த்துக்கொண்டிருக்கும். அந்தக் கண்தான் மறக்காது. மூச்சுக்காகப் போட்ட குழாயை எடுக்காமல் திரும்ப மயக்கி வெண்டிலேட்டரில் வைப்பதுதான் வழி. ஒரு ஐசியூ கட்டில் போச்சு.

பச்சைத்துணி:
தளர்ச்சியை முறிக்க இன்னொரு மருந்து, சுகமடெக்ஸ் இருக்கே அண்ணை? கிலோவுக்கு 2 மில்லிகிராம், 3 நிமிஷத்தில் ஆள் எழும்பும்.

ஊசிமுனை:
விலையை விடுங்கள். அது பிடிப்பது ரொக்குரோனியம், வெக்குரோனியம் என்ற தசைத் தளர்த்திகள் இரண்டையும்தான். அட்ராகூரியம் என்ற வேறு தளர்த்தி போட்ட ஆளுக்குச் சுகமடெக்ஸ் ஊற்றினாலும் தண்ணீர் ஊற்றினாலும் ஒன்றுதான். அட்ராகூரியம் தானாக உடையும், ஈரலும் சிறுநீரகமும் தேவையில்லை. ஆனால் உடம்பு குளிர்ந்தால் உடைவதும் மந்தம். வயிறு திறந்து 3 மணித்தியாலம் ஏசிக்குள் கிடந்தவரை முதலில் சூடாக்குங்கள். கடைசி டோஸ் போட்ட நேரத்தைச் சார்ட்டில் எழுதுங்கள். நாலு முறை மின்தூண்டல் கொடுத்துத் தசையைச் சோதிக்கும் நரம்புத் தூண்டியில் நாலாவது துடிப்பு முதலாவதில் 0.9 பங்குக்கு வரும்வரை குழாயில் கை வைக்க வேண்டாம்.

மூன்றாம்மேசை:
எங்கள் பக்கம் தட்டுப்பாடானது மயக்க ஊசியான புரொப்போபோல். அதற்குப் பதில் பழைய மயக்க ஊசி தையோபென்டோன் வெளியே வந்தது. 500 மில்லிகிராம் பொடி, 20 மில்லி நீர், கிலோவுக்கு 3 முதல் 5 மில்லிகிராம். பழகாத கை அது போன சூட்டோடு ரொக்குரோனியத்தையும் தள்ளினால் நாளத்தில் செருகிய கனுலாவுக்குள் வெள்ளையாகக் கட்டி விழும். தையோபென்டோனின் பிஎச் 10க்கு மேல், மற்றது அமிலம். யோசித்துப் பாருங்கள்: ஆள் மயங்கியாச்சு, மூச்சு நின்றாச்சு, லைன் அடைப்பு. இரண்டுக்கும் நடுவில் 10 மில்லி சேலைன் ஓட வேண்டும். சிசேரியனில் இன்னொரு பொறி: தையோபென்டோனின் மஞ்சள் பொடி கரைத்த 20 மில்லி சிரிஞ்சும் அன்டிபயோட்டிக் சிரிஞ்சும் பக்கத்தில் பக்கத்தில். லேபல் ஒட்டாத சிரிஞ்ச் தட்டில் இருக்கவே கூடாது.

பச்சைத்துணி:
அதைவிட ஒரு 20 மில்லி புரொப்போபோல் வயலை (மருந்துக் குப்பியை) இரண்டு பேருக்குப் பிரித்திருக்கலாமே.

சோடாலைம்:
தம்பி, அது கொழுப்புப் பால்மம், கிருமி வளர அருமையான சாப்பாடு. லாஸ் வேகாஸில் 2008இல் வெளிவந்த ஹெபடைட்டிஸ் சி பரவல், பாவித்த சிரிஞ்சைத் திரும்ப வயலில் விட்டு, அந்த வயலையே அடுத்தவருக்கும் எடுத்ததால் வந்தது. பிரிப்பதென்றால் மருந்தகத்தில், கிருமியற்ற கபினட்டுக்குள், முதலிலேயே தனித்தனிச் சிரிஞ்சாக.

கேட்காவிட்டாலும் சொல்கிறேன், மிச்சம் பிடிக்கிற இடம் மயக்கத் திரவத்தை ஆவியாக்கும் வேப்பரைசர். மணிக்குச் செலவாகும் திரவம் ஏறத்தாழ 3 × வாயு ஓட்டம் × டயல் வீதம். நிமிஷத்துக்கு 6 லீற்றரில் 2 வீதம் என்றால் 36 மில்லி, 1 லீற்றரில் 6 மில்லி. முதல் 10 நிமிஷம் வாயு ஓட்டத்தைக் கூட்டி ஓட்டி, பிறகு இறக்குங்கள். இறக்கினதும் டயலைக் கொஞ்சம் ஏற்ற வேண்டிவரும், அதனால் கணக்குப்படி முழு லாபம் வராது. வெளிமூச்சின் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் சோடாலைம் சீக்கிரம் நிறம் மாறும், மாற்று டப்பா பக்கத்தில் இருக்கட்டும். ஐசோஃப்ளூரேன் என்ற மயக்கத் திரவம் முடிந்துவிட்டதென்று அதே வேப்பரைசரில் இன்னொன்றான செவோஃப்ளூரேனை ஊற்றாதீர்கள். செவோஃப்ளூரேனின் ஆவியழுத்தம் குறைவு, டயல் காட்டுகிற அளவு வராது, வெட்டும்போதே ஆள் விழிப்பார். ஒட்சிசன் மானி வேலை செய்யாத மெஷினில் ஓட்டத்தைக் குறைக்கவே வேண்டாம்.