புதுப்பிப்பு: படித்ததைச் சீனத்தில் எழுதச் சொன்னேன்

போன மாதம் புலம்பியிருந்தேனே: சீனாவின் சாங்ஷா நகரத்தில் நான் ஆங்கிலம் சொல்லித்தரும் பன்னிரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் விடையைச் சரியாகக் குறித்துவிடுகிறார்கள், ஆனால் பத்தி நிஜமாகப் புரிந்ததா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? 'படித்ததைச் சீனத்திலேயே எழுதச் சொல்லுங்கள்' என்றார் ஒருவர். செய்தாயிற்று. என் சீனம் அரைகுறை, பக்கத்து சீட் டீச்சர்தான் வாசித்துச் சொன்னார்.

ஒரு பெண் 15 கேள்வியில் 13 சரி. ஆனால் அவள் எழுதியதில், நர்ஸ் கூப்பிட்ட டாக்டர் கிளம்பினார் என்பது, டாக்டர் நர்ஸைக் கூப்பிட்டுவிட்டுக் கிளம்பினார் என்று தலைகீழாகியிருந்தது. சீனத்திலும் நம் தமிழ் மாதிரி 'நர்ஸ் கூப்பிட்ட' முன்னால் வந்து, 'டாக்டர்' பின்னால்தான் வரும். ஆங்கிலத்தில் டாக்டர் முதலில் வந்து நிற்கிறார். எனக்கும் பள்ளியில் இதே இடத்தில்தான் சறுக்கும்!

இன்னொரு பையன் ஒன்பதுதான் சரி, கதையை மட்டும் பிசிறில்லாமல் எழுதியிருந்தான். அவனுக்குப் பத்தி புரிந்திருக்கிறது, விடைகளில் இருந்த ஆங்கிலம்தான் காலை வாரியிருக்கிறது.

காவ்காவ், அதாவது சீனாவின் கல்லூரி நுழைவுத் தேர்வில், ஆங்கிலத்துக்கான 150க்கு 50 மதிப்பெண் வாசிப்புக்கு. அதில் விடுபட்ட ஐந்து இடங்களுக்கு ஏழு வாக்கியங்களிலிருந்து பொருத்தும் பகுதியும் உண்டு. கேள்வியில் இருக்கும் சொல்லைப் பத்தியில் தேடிப் பிடித்துத் தப்பிப்பது அங்கே அவ்வளவாக நடக்காது, அந்தப் பெண் அதில் ஐந்துக்கு ஒன்று.

வாரம் ஒரு பத்தி இப்படி எழுத வைக்கிறேன். திருத்தத்தான் நேரமில்லை. டீச்சருக்கு இதுவரை நாலு டீ கடன்.