விமான ரெக்டிஃபையர்ல 5வது, 7வது ஹார்மோனிக் போகவே மாட்டேங்குது

கேள்வி:
ஏர்கிராஃப்ட் பவர் சப்ளைக்கு ஒரு ஏசி-டிசி கன்வெர்ட்டர் சிமுலேஷன்ல ஓட்டிட்டு இருக்கேன். இன்புட் 3 ஃபேஸ் 115 வோல்ட், ஃப்ரீக்வென்சி 360லேர்ந்து 800 ஹெர்ட்ஸ் வரைக்கும் மாறும், சாதா 6 பல்ஸ் டயோடு பிரிட்ஜ்தான் (ஒரு சைக்கிளுக்கு டிசில 6 துடிப்பு). கரண்ட் டிஎச்டி, அதாவது ஹார்மோனிக் எல்லாம் சேர்ந்த மொத்த அளவு, 30% பக்கத்துல நிக்குது. 5வது ஹார்மோனிக்குக்கு (சப்ளை ஃப்ரீக்வென்சி மாதிரி 5 மடங்கு) டியூன் பண்ணி ஒரு எல்சி ஃபில்டர் போட்டேன், 400 ஹெர்ட்ஸ்ல சூப்பர், ஃப்ரீக்வென்சிய ஏத்தினா திரும்ப பழைய கதைதான். வெயிட்டும் ஏறக்கூடாது, என்னதான் பண்றது?

பதில்:
5வது ஹார்மோனிக் 1800லேர்ந்து 4000 ஹெர்ட்ஸ் வரைக்கும் ஓடிட்டு இருக்கு, நீங்க 2000ல மட்டும் பொறி வெச்சா எப்படிங்க சிக்கும்? மல்டி பல்ஸுக்கு மாறுங்க. 12 பல்ஸ்ல ரெண்டு பிரிட்ஜுக்கும் நடுவுல 30 டிகிரி ஷிஃப்ட் குடுத்தா 5உம் 7உம் அடிபட்டுப் போயிடும், மிச்சம் 11, 13லேர்ந்துதான். 18 பல்ஸ்னா மூணு பிரிட்ஜ், 20 டிகிரி, 17லதான் ஆரம்பமே. ஃப்ரீக்வென்சி எங்க போனாலும் இந்த கேன்சலேஷன் அப்படியே இருக்கும். வெயிட்டுக்கு ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் (இன்புட், அவுட்புட் ரெண்டுக்கும் பொது வைண்டிங்) போடுங்க, மொத்த பவர்ல ஒரு பகுதிதான் கோர் வழியா போகும். போயிங் 787ல 235 வோல்ட் ஏசிய பிளஸ் மைனஸ் 270 வோல்ட் டிசி ஆக்குற ஏடிஆர்யூ (ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர் ரெக்டிஃபையர் யூனிட்) இந்த வகைதான்.

பதில்:
ஆனா ஆட்டோ டிரான்ஸ்ஃபார்மர்ல இன்புட்டுக்கும் அவுட்புட்டுக்கும் நடுவுல ஐசோலேஷன் கிடையாது ப்ரோ, 28 வோல்ட் பஸ்ஸுக்குன்னா தனி வைண்டிங் உள்ள டிஆர்யூதான் (டிரான்ஸ்ஃபார்மர் ரெக்டிஃபையர் யூனிட்) வேணும். ஸ்விட்ச் வெச்சு இன்புட் கரண்ட்ட கன்ட்ரோல் பண்ற வியன்னா ரெக்டிஃபையர்னு ஒரு வழியும் இருக்கு, பவர் ஒரு பக்கமா மட்டும் போனா போதும்னா நல்லாவே இருக்கும், ஆனா 800 ஹெர்ட்ஸ்ல 13வது ஹார்மோனிக்கே 10.4 கிலோஹெர்ட்ஸ், அதையும் கன்ட்ரோல் பண்ணணும்னா ஸ்விட்சிங் அதுக்கு ரொம்ப மேல இருக்கணும், வேகமான சிலிக்கான் கார்பைடு ஸ்விட்ச் இல்லாம அது கஷ்டம். அதோட கன்ட்ரோலர் படுத்தினா யாரு தேடுறது, டயோடு பேசாம வேலை செய்யும்.

கேள்வி கேட்டவர்:
நன்றிங்க. 12 பல்ஸ் போட்டுப் பாத்தேன், பாதிக்கும் கீழ வந்துடுச்சு. ஆனா 5, 7 சுத்தமா போகல, லேசா தெரியுது, ஏன்?

பதில்:
ரெண்டு பிரிட்ஜும் கரண்ட்ட சரிபாதியா எடுக்குதான்னு பாருங்க. பேரலல்ல போட்டிருந்தா நடுவுல கரண்ட்ட சமமா பிரிக்குற இன்டர்-ஃபேஸ் (interphase) டிரான்ஸ்ஃபார்மர் வேணும், அது இல்லாம ஒண்ணு கூட எடுக்கும் ஒண்ணு கம்மியா எடுக்கும், அப்ப கேன்சல் ஆகாது. டிரான்ஸ்ஃபார்மரோட லீக்கேஜ் இண்டக்டன்ஸ் ரெண்டு பக்கமும் ஒண்ணா இல்லேன்னாலும், சப்ளைலயே அன்பேலன்ஸ் இருந்தாலும் இதே கதைதான். அப்புறம் லைட் லோடுல பர்சன்டேஜ் பெருசா காட்டும், ஆம்பியர்ல பாருங்க.