எல்.கே.ஜி. பையனுக்கு 14 இலக்குகளோடு ஐ.இ.பி. (தனிநபர் கல்வித் திட்டம்) வந்திருக்கிறது, கையெழுத்துப் போடலாமா?

எல்.கே.ஜி. அம்மா:

மகனுக்கு 4 வயது 8 மாதம், ஆட்டிசம். ஐசா (ஆட்டிசத்தை அளக்கும் இந்திய அளவுகோல்) மதிப்பெண் 118, மிதமான நிலை. பேச்சு பத்து வார்த்தைக்குள்தான். எது வேண்டுமானாலும் கையைப் பிடித்து இழுப்பான், நமக்குப் புரியவில்லை என்றால் அலறுவான். தண்ணீரில் விளையாடுவதும் பாட்டில் மூடியைச் சுற்றிவிடுவதும் ரொம்பப் பிடிக்கும்.

பள்ளியில் கொடுத்த வரைவில் 14 இலக்குகள். "கண்ணைப் பார்த்துப் பேசுவான்", "30 நிமிடம் அமைதியாக உட்காருவான்", "தொடர்புத் திறன் மேம்படும்", "1 முதல் 20 வரை சொல்வான்" என்று போகிறது. அடுத்த வாரம் கையெழுத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். எதை மாற்றச் சொல்ல? வீட்டில் எதை எடுத்துக்கொள்ள?

சிறப்பாசிரியர்:

இப்போதைக்குக் கையெழுத்து வேண்டாம் அம்மா. ஒவ்வொரு இலக்கையும் காட்டி, "இது வந்துவிட்டது என்று எதைப் பார்த்துச் சொல்வீங்க?" என்று கேளுங்கள். "தொடர்புத் திறன் மேம்படும்" என்பதற்கு யாராலும் பதில் சொல்ல முடியாது. இந்த வயதில் ஒரு பருவத்துக்கு 4 அல்லது 5 இலக்கு போதும். 14 எழுதினால் எதையுமே தினமும் செய்ய நேரம் இருக்காது.

ஐசா மதிப்பெண்ணை வைத்து இலக்கு எழுத முடியாது. 40 கேள்விகளின் கூட்டுத்தொகை அது. அதே 118 வாங்கிய இன்னொரு குழந்தைக்குத் தேவை முற்றிலும் வேறாக இருக்கும். மூன்று நாள் உட்கார்ந்து பார்த்து, இப்போது என்ன செய்கிறான் என்று எண்ணி எழுதுவதுதான் தொடக்கப் புள்ளி.

உங்கள் பையனுக்கு முதல் இலக்கு கேட்கத் தெரிவதுதான். இப்படி எழுதச் சொல்லுங்கள்: "பிடித்த பொருள் கண்ணெதிரே இருக்கும்போது, யாரும் தூண்டாமல், அதன் படத்தை எடுத்துப் பெரியவர் கையில் கொடுத்துக் கேட்பான். 10 வாய்ப்பில் 8 முறை, தொடர்ந்து 3 நாள், பள்ளியில் ஒருவரிடமும் வீட்டில் ஒருவரிடமும்." இப்போது 10க்கு 0 என்றால் முதல் நான்கு வாரத்துக்கு 10க்கு 4 என்று இடைப்படி வையுங்கள்.

கண்ணைப் பார்க்கும் இலக்கை அடித்துவிடச் சொல்லுங்கள். பல ஆட்டிசக் குழந்தைகளுக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டே கேட்பது பெரும் பாரம். வேறு பக்கம் பார்த்தபடிதான் நன்றாகக் கவனிப்பார்கள். "அமைதியாக" என்ற சொல்லும் வேண்டாம். ஆடிக்கொண்டே வேலை செய்தால் செய்யட்டும். இன்று 3 நிமிடம் உட்காருகிறான் என்றால் இலக்கு 5 நிமிடம், அப்புறம் 8. வேலை எவ்வளவு என்பது கண்ணுக்குத் தெரிய வேண்டும்: இடது தட்டில் 4 பசில் துண்டு, வலப்பக்கம் முடிந்ததைப் போடும் டப்பா. இடது தட்டு காலியானால் எழுந்து போகலாம்.

1 முதல் 20 வரை பாட்டு மாதிரி ஒப்பிப்பது சீக்கிரம் வந்துவிடும், ஆனால் பயன்படாது. "2 தட்டு எடு" என்றால் இரண்டு மட்டும் எடுத்துத் தருவதுதான் எண்.

பேச்சுப் பயிற்சியாளர்:

படம் கொடுத்துக் கேட்கும் பயிற்சிக்கு முதல் கட்டத்தில் இரண்டு பெரியவர் கட்டாயம். ஒருவர் எதிரே பொருளோடு. இன்னொருவர் பின்னால், வாயே திறக்காமல், பையன் பொருளை நோக்கிக் கை நீட்டிய பிறகு அந்தக் கையைப் படத்துக்குத் திருப்பி எடுத்துக் கொடுக்க வைப்பார். படம் கைக்கு வந்த அந்தக் கணமே பொருளைக் கொடுத்து, பெயரைச் சொல்லுங்கள். பெரும்பாலும் கெடுவது இரண்டு இடத்தில். ஒன்று, எதிரே இருப்பவர் "என்ன வேணும்?" என்று கேட்பது; பிறகு கேட்டால்தான் படத்தைத் தொடுவான். இரண்டு, படத்தை வாங்கிக்கொண்டு "தண்ணின்னு சொல்லு, தர்றேன்" என்பது. கேட்டும் கிடைக்கவில்லை என்றால் பழையபடி அலறல்தான்.

முதல் கட்டத்தில் பலகையில் ஒரே படம். இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதெல்லாம் அப்புறம். படம் பழகினால் பேச்சு வராது என்ற பயம் வேண்டாம், படம் பேச்சைத் தடுப்பதில்லை. ஆனால் வீட்டில் "தண்ணி", பள்ளியில் "நீர்", தெரபியில் "வாட்டர்" என்று மூன்று பெயர் வைக்காதீர்கள். வீட்டுச் சொல்லையே எல்லோரும் பிடித்துக்கொள்ளுங்கள்.

"வேணாம்" என்பதற்கும் ஓர் அட்டை முதல் மாதத்திலேயே வேண்டும். மறுக்க வழியில்லாத குழந்தை தட்டிவிடும், கடிக்கும்.

தொழில்வழிச் சிகிச்சையாளர் (அன்றாட வேலைகளைப் பழக்குபவர்):

வீட்டுக்குக் கை கழுவுவதை எடுங்கள், தண்ணீர் பிடித்த பையன். 7 படி: குழாயைத் திற, கையை நனை, சோப்பு எடு, தேய், அலசு, குழாயை மூடு, துண்டில் துடை. கடைசிப் படியிலிருந்து தொடங்குங்கள். முதல் ஆறையும் நீங்கள் கைபிடித்துச் செய்து, துடைப்பதை மட்டும் அவனிடம் விடுங்கள். தொடர்ந்து 3 நாள் தானாகத் துடைத்தால் அதற்கு முந்தைய படியையும் சேருங்கள். இவனுக்குச் சிக்கல் அலசும் இடத்தில்தான் வரும்: தண்ணீரை விட்டு வரமாட்டான். அதனால் குழாயைத் திறக்கும், மூடும் படிகளை விட்டுவிட்டு, குழாய்க்குப் பதில் ஒரு சொம்புத் தண்ணீர். சொம்பு காலியானால் முடிந்தது.

"சோப்பு எடு, தேய்" என்று வாயால் சொல்லிக்கொண்டே இருக்காதீர்கள். கை உதவியை மணிக்கட்டு, முழங்கை, தோள் என்று படிப்படியாக விலக்கலாம். வாய் உதவியை விலக்குவதுதான் கடினம், நீங்கள் சொன்னால்தான் அடுத்த படி என்று ஆகிவிடும்.

எல்.கே.ஜி. அம்மா:

மிக்க நன்றி. டீச்சரிடம் ஃபோனில் பேசினேன். வகுப்பில் 38 பிள்ளைகள், யார் எண்ணுவது என்கிறார்.

சிறப்பாசிரியர்:

நியாயமான கேள்வி மேடம். நாள் முழுக்க எண்ண வேண்டியதில்லை. ஸ்நாக்ஸ் நேரத்தில் மட்டும் 10 வாய்ப்பு. முறுக்கை ஒரே தடவையில் கொடுத்துவிடாமல் பத்துத் துண்டாக உடைத்துக்கொண்டால் பத்து வாய்ப்பு கிடைத்துவிடும். டீச்சரின் இடது பக்கம் ஒரு கிண்ணத்தில் 10 புளியங்கொட்டை. தானாகப் படம் கொடுத்தால் ஒரு கொட்டை வலது கிண்ணத்துக்கு. உதவியோடு கொடுத்தால் இடத்திலேயே இருக்கட்டும். கடைசியில் வலது கிண்ணத்தில் எத்தனை என்று டைரியில் ஓர் எண், அவ்வளவுதான். முதல் இரண்டு வாரம் பின்னால் உட்கார ஆயாம்மாவை ஸ்நாக்ஸ் நேரத்துக்கு மட்டும் கேட்டுப் பாருங்கள்.

10 பள்ளி நாள் ஆகியும் எண் நகரவில்லை என்றால் இலக்கைத் தூக்கிப்போடாதீர்கள். முதலில், அந்தப் பொருள் அன்று அவனுக்கு வேண்டுமா என்று பாருங்கள். வீட்டில் வயிறு நிறையச் சாப்பிட்டு வந்த பிள்ளை முறுக்குக்குப் படம் கொடுக்க மாட்டான். அப்போது பாட்டில் மூடியை வையுங்கள்.